பாய்த் துண்டில் பழகிய முயல்

பத்து வயது வரை நான் பாயை நனைக்கிறவள். மயிலாப்பூரில் எங்கள் சந்துக்கு இது தெரியும், பள்ளிக்கூட ரிக்‌ஷாவுக்குத் தெரியும், கீழ்ப் போர்ஷன் மாமியின் பிறந்த வீட்டுக்குக்கூடத் தெரியும். அதனால் இப்போது எழுதுவதில் எனக்குப் புதிதாக வெட்கம் ஒன்றும் வரப்போவதில்லை. இருந்த வெட்கத்தையெல்லாம் அப்போதே பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள்.

எங்களுடையது குளத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி. அறையில் அப்பாவும் அம்மாவும் மெத்தையில் படுப்பார்கள். கூடத்துக் கட்டிலில் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், எங்கள் வீட்டில் ஹெட்மிஸ்ட்ரஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கோரைப்பாயில் நான். மெத்தை எனக்குக் கிடையாது. "ஒண்ணுக்குப் போற குட்டிக்கு இலவம்பஞ்சு ஒரு கேடா?" என்பாள் அத்தை. ஆக, அந்த வீட்டில் பாயில் படுத்தவள் நான் ஒருத்திதான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் நனைந்த அன்று காலையில் அதைச் சுருட்டி என் தலையில் வைப்பாள். அப்படியே பொதுப் படிக்கட்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போக வேண்டும். கீழ்ப் போர்ஷன் மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவள், நிமிர்ந்து, "இன்னிக்குமா?" என்பாள். அவள் பெண்கள் இரண்டு பேரும் என் வயசு. அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். குழாயில் காற்று மட்டும் வந்த வருஷங்கள் அவை. தெருமுனையில் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், அடி பம்பை இருபது பேர் முறை வைத்து அடிக்க வேண்டும். அப்படிப் பிடித்த தண்ணீரில் ஒரு வாளியை என் பாய் குடித்துவிடும். அம்மா அதை அலசிப் போடுவாள். அத்தைதான் அந்த ஒரு வாளியை நாள் முழுதும் பேசுவாள். நனைப்பது நிற்கும் என்று எள்ளுருண்டை தின்னக் கொடுத்துப் பார்த்தாள். இடுப்பில் உயிருள்ள தவளையைக் கட்டினால் நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள் என்று, லஸ் பக்கம் ஒரு தோட்டக்காரனிடம் தவளைக்குச் சொல்லியும் வைத்தாள். நல்லவேளை, அவன் கொண்டுவரவில்லை.

இந்த நிலைமையில்தான் அப்பா முயலைக் கொண்டுவந்தார். ஆபீஸ் நண்பர் ஒருவர் கே.கே. நகரில் முயல் வளர்த்தார். அது குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டியைக் காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்து ஓட்டிவந்துவிட்டார். அதுவரை எனக்கென்று அவர் கேட்காமல் வாங்கி வந்த பொருள் ஒன்றுமில்லை. பால் மறந்து சில நாளே ஆன குட்டி. சாம்பல் நிறம், காது மட்டும் கொஞ்சம் கறுப்பு. அதற்கு ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அத்தை இன்னும் இருக்கிறாள், கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படிக்கிறாள், அவள் வாயில் அந்தப் பெயர் விழுவதை நான் விரும்பவில்லை.

"இது என்னடா கண்றாவி? ஏற்கெனவே ஆத்துல ஒண்ணு நனைக்கறது போறாதா?" என்று அத்தை கேட்டாள். அப்பா வழக்கம்போலச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

"ஒரு புழுக்கை வெளில விழுந்தாலும் வாசலோட அனுப்பிடுவேன்" என்றாள். ஆனால் அனுப்பவில்லை. ஏன் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அவளுக்குப் பழக்குவதில் ஒரு ருசி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவள் நிமிர்ந்து பார்த்தால் பென்சில் சீவுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள். என்னிடம் மட்டும்தான் அவள் வித்தை பலிக்கவில்லை. முயலைப் பார்த்ததும் அவள் கண் மின்னியது, பார்த்தேன்.

முதலில் அது எங்கே வேண்டுமானாலும் போனது. அரிசி டிரம்முக்குப் பின்னால், தையல் மிஷின் காலடியில், அப்பாவின் செருப்புக்குள். மிளகு கொட்டினாற்போலப் புழுக்கை. மூத்திரம்தான் மோசம், அதன் உடம்பு அளவுக்கு அந்த நாற்றம் அதிகம். அத்தை கோபப்படவே இல்லை. ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் டப் ஒன்றை அடிப்பாகம் மட்டும் நிற்கும்படி அப்பாவை அறுக்கச் சொன்னாள். அந்தத் தட்டைப் பால்கனி மூலையில் வைத்தாள். அதில் போட மரத்தூள் வாங்கலாமா, மணல் போடலாமா என்று அப்பா கேட்டார். அத்தை பரணில் கிடந்த என் பழைய பாயை இறக்கினாள். ஊறி ஊறி நடுவில் கறுத்துப்போன பாய். அதை அரிவாள்மணையில் துண்டு துண்டாக அரிந்து தட்டில் நிரப்பினாள்.

"ஏற்கெனவே வாசனை ஏறின பாய். மோந்து பார்த்துட்டு அதுவே போகும் பாரு. உன் பாய்க்கும் ஒரு பிரயோஜனம் வந்துதே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. வெளியே விழுந்த புழுக்கையைப் பொறுக்கித் தட்டில் போடுவாள். துணியில் ஒற்றிய மூத்திரத்தை அந்தக் கோரைத் துண்டில் பிழிவாள். முயல் தின்று முடித்ததும் தூக்கி உள்ளே வைப்பாள். போனால் ஒரு கொத்தமல்லிக் காம்பு. கொஞ்ச நாளில் அது தானே பால்கனிக்கு ஓடி, தட்டில் ஏறி, காதைப் பின்னால் சாய்த்து, வாலைத் தூக்கிப் போகக் கற்றுக்கொண்டது. கோரைக்கு மேல்தான் போக வேண்டும் என்று அதன் சின்ன மண்டையில் ஏற்றியாகிவிட்டது. கோரை என்று ஏற்றினாள், தட்டு என்று ஏற்றவில்லை. அந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் என் பாடு! சாயங்காலம் மாமிகள் வருவார்கள். அத்தை முயலுக்குத் தீனி போடுவாள். எல்லோரும் பால்கனிக் கதவருகே நின்று காத்திருப்பார்கள். அது போகும். கைதட்டுவார்கள், சாமி சத்தியமாகக் கைதட்டுவார்கள். உடனே அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்துவாள்.

"முயல் கத்துண்டுடுத்து. ரெண்டு மாசக் குட்டி. இதுக்குப் பத்து வயசு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

"பாவம், பெரியவளானா சரியாப் போயிடும்" என்று மாமி சொல்வாள், அந்தப் பாவத்தில் தேன் வடியும்.

எனக்கு முயலைப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் அதை வெறுத்தேன் என்றே சொல்லலாம். ஆனால் அதற்கு என் கஷ்டம் என்ன தெரியும்? அது காலையில் பால்கனியிலிருந்து வந்து என் பாயில் ஏறி, என் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஒடுங்கிக்கொள்ளும். சூடாக இருக்கும். மூக்கு நிற்காமல் ஆடும். அந்த வீட்டில் என் பாய்க்குத் தானாக வந்த ஜீவன் அது ஒன்றுதான். பிரியம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பாலக்கீரைத் தண்டுக்காக மாட வீதிக் கீரைக்காரியிடம் பல்லிளித்துக்கொண்டு நிற்கும் அளவுக்குப் பிரியம்.

அந்தக் கோடையில் நான் நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, தவளை நிறுத்தவில்லை. தானாக நின்றது. பாய் காய்ந்த பாயாகவே இருந்தது. நாலு நாள் போனதும் அத்தை கவனித்தாள். பிறகு தெருவுக்கே சொன்னாள், முயலைப் பார்த்துக் கற்றுக்கொண்டேனாம். போகட்டும், பாய் தலையில் ஏறவில்லையே என்று நான் சந்தோஷமாக இருந்தேன். புதுப் பாய் ஒன்றும் கிடைத்தது. பச்சையும் சிவப்புமாகக் கரை போட்ட கோரைப்பாய்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலை. ஈரத்தில் விழித்தேன். பாவாடையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஈரம் என் கால்மாட்டில், பாயின் ஓரத்தில். குனிந்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, முயலின் நாற்றம். அது பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கரையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அத்தை கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"நான் இல்லே அத்தை. முயல்."

அறை விழுந்தது. காது கொய்ங் என்றது.

"முயலா? முயல் தட்டுல போறதுடீ! வாயில்லா ஜீவன் மேல பழி போடறியே, நாக்கு அழுகிப் போயிடும்."

நான் பாவாடையைக் காட்டினேன். மாற்றிக்கொண்டிருப்பேன் என்றாள். அன்று பாய் என் தலைக்கு மறுபடி ஏறியது. மாமி கோலமாவுக் கையோடு நிமிர்ந்து, "ஐயோ, மறுபடியுமா?" என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பாவம் முயலுடையது, பழி என் தலையில் சொட்டியது.

இப்போது எனக்குக் காரணம் தெரியும். முயல் நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வரும். வந்தால் பழகியதெல்லாம் பறந்துவிடும். தன் வாசனையை அங்கங்கே வைத்துப் பார்க்கும், தனக்குப் பிடித்தவர்கள் படுக்கும் இடத்தில் முக்கியமாக. அதோடு அத்தையின் சுத்தம் வேறு. பார்க்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கக்கூடாது என்று தட்டையும் கோரைத் துண்டுகளையும் தினம் பினாயில் விட்டு அலசிக் காயவைக்க ஆரம்பித்திருந்தாள். முயல் தட்டுக்குப் போகும், முகரும், தும்மும், இறங்கிவிடும். அதற்குத் தெரிந்தது கோரை. பினாயில் இல்லாத கோரை அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் நான் படுத்திருந்தேன்.

அத்தைக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். கட்டிலுக்கடியில் புழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. மாமி வந்து உட்கார்ந்திருந்தபோது அத்தை காலால் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவள் பழக்கிய முயலுக்கு மூத்திரமே வராது.

பாய் வாரத்தில் இரண்டு மூன்று தரம் நனைந்தது. மொட்டை மாடியில் காயப்போட்டதை மத்தியானம் எடுக்கப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாக, கோலமாவு உதிர்ந்தாற்போல, ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. நான் நனைத்த பாயில் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஓடிப்போய் அம்மாவை மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"பாரும்மா, வெள்ளையா இருக்கு. இது முயலோடது. நான் இல்லேம்மா."

அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்டி. நான்தானே அலசறேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது. துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அத்தைகிட்ட சொல்லேம்மா!"

"சொன்னா உடனே முயலை அனுப்பிடுவா. சொல்லலைன்னா உன்னைத் திட்டுவா, அவ்வளவுதானே. திட்டினா உடம்புல ஒட்டிண்டுடுமா என்ன? முயல் வேணுமா வேண்டாமா உனக்கு?"

அம்மா மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அத்தை அடித்தாள், அது அத்தையின் சுபாவம். அம்மா தெரிந்துகொண்டே பாயை என் தலைக்கு ஏற விட்டாள். ஆனால் அன்று அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. முயல் வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். ரிக்‌ஷாவில் மாமியின் பெண்கள் எனக்குப் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பலகையில் நெருக்கிக்கொண்டு போனபோதும் முயலை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தை அந்தக் குண்டைப் போட்டாள். ஒரு காலை, பாயைச் சுருட்டிக்கொண்டே, ரொம்ப அமைதியாக.

"இனிமே அடிக்கப் போறதில்லை. திட்டப் போறதில்லை. இன்னொரு தடவை பாய் நனைஞ்சா முயல் இந்த ஆத்துல இருக்காது. நீயாச்சு, உன் முயலாச்சு."

முயல் செய்தது என்று நிரூபித்தால் முயல் போகும். நான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டாலும் முயல் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அம்மாவிடம் ஓடினேன். இப்போதாவது சொல்லேன் என்று அவள் புடவையைப் பிடித்து அழுதேன்.

"இப்போ போய் எப்படிச் சொல்றது? இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு என்னைன்னா கேப்பா" என்றாள் அம்மா.

அப்பாவிடம் சொன்னேன். "அத்தைகிட்ட கேட்டுண்டு செய்" என்றார். செய்தித்தாளைக்கூட இறக்கவில்லை.

ஆக முயலை நான்தான் பழக்க வேண்டும். பத்து வயசுக்காரி, யாரிடமும் கேட்க முடியாமல், பருவத்துக்கு வந்த முயலை. கோரைதான் குற்றவாளி என்பது எனக்கும் புரிந்துவிட்டது, அது கொறிப்பதும் நனைப்பதும் அதன் மேலேயே என்பதால். தட்டிலிருந்த கோரைத் துண்டுகளை எடுத்துவிட்டுப் பேப்பரைக் கிழித்துப் போட்டேன். அத்தை பார்த்தாள். "நான் பழக்கினதைக் கெடுக்கறியா?" என்று பேப்பரைக் கொட்டிவிட்டு, துண்டுகளைப் பினாயிலில் முக்கிப் பழையபடி நிரப்பினாள். தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து பாவாடையில் மணல் அள்ளி வந்தேன். வீடெல்லாம் மண் என்று அத்தை அதையும் தெருவில் கொட்டினாள். பாயே வேண்டாம், தரையில் படுக்கிறேன் என்றேன். "பாயை விட்டுட்டுத் தரையை நனைக்கப் போறியா?" என்று பாயைத் தன் கையாலேயே விரித்து என்னை அதில் படுக்க வைத்தாள். ஒன்று சொல்கிறேன், அவள் மட்டும் அந்தப் பாயை விரிக்காமல் இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மிச்சம் இருந்தது பால்கனிக் கதவு. விடிகாலையில் அம்மா அதைத் திறப்பாள். கயிற்றில் கட்டித் தெருவில் தொங்கவிட்ட பையில் பால்காரன் பாக்கெட்டைப் போட்டிருப்பான். அதை இழுத்து எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போவாள். ராத்திரி பால்கனியில் இருக்கும் முயல் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். "பாலை எடுத்ததும் சாத்திடும்மா, உன் காலைப் பிடிச்சுக்கறேன்" என்று கெஞ்சினேன். அதை மட்டும் அம்மா செய்தாள். நான்கைந்து நாள் பாய் காய்ந்தே இருந்தது. முயல் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். அது என்னைத் தேடுகிறது என்று தெரியும். கதவைத் திறக்க மாட்டேன். கதவைத் திறக்காமல் இருந்ததுதான் அதன் மேல் நான் வைத்திருந்த பிரியம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி வெள்ளி. அத்தை அன்று அம்மாவுக்கு முன்னால் எழுந்துவிட்டாள். குளித்து, பால்கனியில் இருந்த தொட்டிச் செடியில் செம்பருத்தி பறிக்கக் கதவைத் திறந்தாள். பூவைப் பறித்துக்கொண்டு சாமி அலமாரிப் பக்கம் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. அவளுக்கு எதற்குச் சாத்த வேண்டும்?

முழங்காலுக்குப் பின்னால் சூடாக ஏதோ ஒடுங்கியது. தூக்கத்தில் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஈரம். துள்ளி எழுந்தேன். பாவாடையால் ஒற்றினேன். பாயை இழுத்தேன், சுருட்டினேன், கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முயல் பயந்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. தலையைத் தூக்கினால் அத்தை. கையில் பூக்கூடை, நெற்றியில் விபூதி.

"அத்தை, இந்தத் தடவை மட்டும். அத்தை, ப்ளீஸ் அத்தை. நான்தான் பண்ணினேன். முயல் ஒண்ணும் பண்ணலை. என்னை அடிங்கோ" என்றேன். என்ன உளறினேன் என்றே தெரியவில்லை. எதைச் சொன்னால் முயல் வீட்டில் இருக்கும் என்று நினைத்தேனோ அதையெல்லாம் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. சொன்ன சொல் தவறாதவள் அல்லவா! பூக்கூடையை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"போய்க் குளி. ரிக்‌ஷா வந்துடும்."

ரிக்‌ஷா வந்தது. காய்கறிக் கூடையோடு அத்தை எனக்கு முன்னால் படியிறங்கினாள். அப்பா கொண்டுவந்த அதே கூடை. மேலே அதே துண்டு.

"இன்னாமா இது?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"முயல். எடுத்துண்டு போ."

"நெஜமாவா? கொயந்த அயுவுதே மா."

"அழட்டும், நல்லதுதான். வளர்த்தாலும் சரி, வறுத்தாலும் சரி, உன் இஷ்டம். திருப்பி மட்டும் கொண்டு வராதே."

அவர் கூடையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார். அப்படித்தான் அன்று பள்ளிக்கூடம் போனேன். கச்சேரி ரோடு நெடுக என் முயல் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் துண்டுக்கு வெளியே ஒரு கறுப்புக் காது எட்டிப் பார்த்தது. மாமியின் பெண்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். கேட்டில் இறங்கி அவரிடம், "நன்னா பாத்துப்பேளா?" என்று கேட்டேன்.

"சோக்கா பாத்துக்குறேன் பாப்பா. நீ போ, பெல் அடிச்சிட்டாங்கோ" என்றார்.

மறுநாள் பாய் காய்ந்திருந்தது. காயாமல் என்ன செய்யும்? அதை நனைத்தவன்தான் இல்லையே. அத்தை பாயை வெளிச்சத்தில் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா? அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்லுவா. அடியே வேண்டாம். பிடிச்சதை எடுத்துட்டாப் போறும். பாயைத் தொட்டுப் பாரு!"

அம்மா தொட்டுப் பார்த்தாள். என் கண் எதிரில் தொட்டுப் பார்த்து, "ஆமாம் அக்கா, நின்னுடுத்து" என்றாள்.

திங்கட்கிழமை ரிக்‌ஷாவில் ஏறியதும் கேட்டேன், முயல் என்ன பண்ணுகிறது என்று. ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வஞ்சனை ஒன்றுமில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"முயலா? நேத்து ஞாயித்துக்கெயம கொயம்பு வச்சாச்சு பாப்பா. உங்க அத்த தானே சொல்லிச்சு? சின்னதா இருந்தாலும் கறி நல்லாத்தான் இருந்துச்சு."

மாமியின் பெண்கள் "சீ" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் வாந்தி எடுத்தேன், புஸ்தகப் பையின் மேலேயே. அவர் வண்டியை நிறுத்தி, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார். அதே ரிக்‌ஷாவில், அதே முதுகைப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறமும் நான் வருஷக்கணக்கில் போனேன்.

சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். "அவா சாப்பிடறவா. அதுக்கென்ன பண்றது?" என்றாள். மார்க் போட்டுக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதோடு விட்டாளா? அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கெல்லாம் யோசனை சொல்லும் ஆளாகிவிட்டாள். பாயை நனைக்கிற பிள்ளை, நகம் கடிக்கிற பிள்ளை, கட்டைவிரல் சூப்புகிற பிள்ளை, யாருக்கு என்றாலும் ஒரே மருந்து. "என் மருமாளுக்கு அப்படித்தான் நின்னுது" என்று என்னையே சாட்சிக்குக் கூப்பிடுவாள். நானும் வந்து நிற்பேன். எத்தனை பிள்ளைகளிடமிருந்து எத்தனை பொம்மை, நாய்க்குட்டி, கிளி போயிற்றோ, எனக்குத் தெரியாது.

இப்போது நான் திருவான்மியூரில் இருக்கிறேன். எனக்கு ஆறு வயதில் ஒரு பெண். அவளும் நனைக்கிறாள். நான் விரிப்பை மாற்றி மிஷினில் போட்டுவிட்டு அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிறேன், அதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. போன மாதம் அத்தை வந்து தங்கினாள். வயசு எண்பதை நெருங்குகிறது. கண் மட்டும் இன்னும் கூர்மை. பால்கனிக் கொடியில் விரிப்பைப் பார்த்துவிட்டாள்.

"உன்னைக் கொண்டு பொறந்திருக்கா" என்று சிரித்தாள். "கவலைப்படாதே. ஒரு முயல் வாங்கிக் குடு. நன்னா ஒட்டிக்கட்டும். அப்புறம் எடுத்துடு. நின்னுடும்."

டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன், இத்தனை வருஷம் கழித்து, அம்மாவும் போன பிறகு.

"அத்தை, அது முயல். நான் இல்லை. நான் கோடையிலேயே நிறுத்தியாச்சு. கோரையைப் போட்டுப் பழக்கினது நீங்க, அதனால என் பாயில வந்து போச்சு. அம்மாவுக்கும் தெரியும்."

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன். ஏதோ ஒரு சொல் வரும் என்று, வெட்கமில்லாமல், பத்து வயசுக்காரி மாதிரிக் காத்துக்கொண்டிருந்தேன்.

"யாரா இருந்தா என்ன?" என்றாள். "நின்னுதா இல்லையா?"

அதற்குள் உள்ளேயிருந்து என் பெண் ஓடிவந்தாள். அவள் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, "அம்மா, பாட்டி சொல்றா இல்ல? நிஜமா முயல் வாங்கித் தரப்போறியா?" என்று கேட்டாள்.